சனிக்கிழமைச் சூரியன்

மன்னிக்கத் தெரிந்தவர்கள் பெரியவர்கள் என்று சொல்வார்கள். அப்படியானால் நான் சின்னவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஒரு மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருக்கு உடம்பு முடியவில்லை என்று சில வருடங்களுக்கு முன்னால் ஒருவர் வந்து சொன்னபோதும், 'அப்படியா' என்று கேட்டுவிட்டு அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் என்னிடமிருந்து சூரியனை எடுத்துக்கொண்டவர். இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை, ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிப்பார்கள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ்ஸில் மில்லுக்குப் போகிற பெண்களோடு இடித்துப் பிடித்து ஏறினால், தலையில் பஞ்சு ஒட்டாமல் இறங்கினதே கிடையாது.

துறைத்தலைவர் எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டையில் இருப்பார். பேச்சில் தேன் ஒழுகும். எறும்பு மொய்க்காததுதான் பாக்கி. துறை அலமாரியில் யாரோ எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்ட சின்னத் தொலைநோக்கி ஒன்று கிடந்தது. அதைக் காட்டி, "ஏம்மா, சும்மாதான கெடக்கு. இத வச்சு சூரியனப் பத்தி ஏதாவது பாரேன். நான் கைடா இருக்கேன். டாக்டர் பட்டம் வாங்கிறலாம்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். வயசு அப்படி.

எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். சூரியன் எப்போதும் ஒரே அளவில் வெளிச்சத்தையும் சூட்டையும் தருவதில்லை. மிகக் கொஞ்சம் கூடும், குறையும். எதனால், எந்தக் காலத்தில், எவ்வளவு என்பதை ஒரு கணக்காக எழுத வேண்டும். அந்தக் கணக்கு நடந்ததைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் நடக்கப்போவதையும் கேட்கலாம்.

தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். அதைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால், தாளில் சூரியன் வட்டமாக விழும். அதில் தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். கல்லூரி மொட்டை மாடியில் காலை வெயிலில் இதுதான் என் வேலை. நான் ஆரம்பித்த காலத்தில் சூரியனில் புள்ளியே இல்லை. மாதக்கணக்கில் வெறும் வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். அம்மா அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, வெறும் தோசைய வரையவா அம்புட்டுத் தூரம் பஸ் ஏறிப் போற?" என்றாள்.

பிறகு புள்ளிகள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கூட்டம் கூட்டமாக. கூடவே வட்டத்தின் ஓரங்களில் வெளிறிய திட்டுகளும் தெரிய ஆரம்பித்தன. மற்ற இடத்தைவிட அவை கொஞ்சம் கூடுதல் பிரகாசம். மங்கலாகத்தான் தெரியும், தாளை லேசாக ஆட்டிப் பார்த்தால்தான் கண் பிடிக்கும். பலர் அவற்றை வரையாமல் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை.

எல்லோரும் நினைப்பது, புள்ளி கறுப்பு, ஆகவே புள்ளி கூடினால் சூரியன் மங்கும் என்று. நானும் அப்படித்தான் முதல் கணக்கை எழுதினேன். மதுரைக்குப் போய் ஒரு பெரிய நூலகத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோளில் அளந்து வெளியிட்டிருந்த எண்களைக் கையால் பிரதி எடுத்து வந்து ஒப்பிட்டேன். என் கோடு கீழே இறங்கியது. வானத்தில் அளந்த எண்கள் மேலே ஏறின. இரண்டும் சண்டைக்காரச் சம்பந்திகள் போல ஆளுக்கொரு திசையில் போயின. புள்ளிகளை மட்டும் கழித்தால் போதாது, வெளிச்சத் திட்டுகளைக் கூட்டவும் வேண்டும் என்று தோன்றியது. ஒரு பெரிய புள்ளி முகத்தைக் காட்டுகிற சில நாட்களுக்குச் சூரியன் மங்குவது உண்மைதான். ஆனால் புள்ளிகள் மறைந்த பிறகும் திட்டுகள் பரந்து நெடுநாள் நிற்கும். லாந்தர் கண்ணாடியில் கொஞ்சம் கரி படிந்தாலும், திரியைத் தூண்டிவிட்டால் வீடு வெளிச்சமாகத்தானே இருக்கும். மொத்தத்தில் புள்ளி அதிகமான வருடங்களில்தான் சூரியன் அதிகம் தருகிறது.

திட்டுகளைச் சேர்த்து மறுபடி எழுதினேன். அப்போதுதான் கல்லூரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. குளிரூட்டிய அறை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெறுங்காலோடு நின்றபடி பிரிண்டர் கரகரவென்று அடித்த தாளை இழுத்துப் பார்த்தேன். என் கோடும் வானத்து எண்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. எனக்குக் கல்யாணமான அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. என் வீட்டுக்காரரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன்.

துறைத்தலைவர் நம்பவில்லை. "மூஞ்சில கரியப் பூசுனா வெள்ளையாயிருவமாம்மா?" என்று சிரித்தார். இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். புரிந்துகொண்டார். அதைத்தான் நான் செய்திருக்கக் கூடாது என்று அம்மா பின்னால் சொன்னாள்.

மாடியில் இன்னொரு சாமானும் இருந்தது. ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு சோலார் செல், மேலே கண்ணாடி மூடி. கீழே அறையில் ஒரு மீட்டரின் முள் வெயிலுக்குத் தக்கபடி ஆடும். அன்றைக்கு வானம் தெளிவா மூட்டமா என்று தெரிந்துகொள்ள நானே செய்து வைத்தது. அவ்வளவுதான் அதன் உபயோகம். சூரியனில் நடக்கிற மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். தரையில் நின்று இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முடியாது. காற்றில் இருக்கிற தூசியும் ஈரமும் அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதோடு ராஜபாளையத்துக்கென்று ஒரு தூசி உண்டு. கல்லூரிக்குப் பின்னால் ஒரு நூற்பு ஆலை. அங்கிருந்து பறக்கிற பஞ்சு கண்ணாடி மேல் மெல்லிய படலமாகப் படியும். தினமும் காலையில் மெத்தென்ற துணியால் துடைத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொடுவேன். இதையெல்லாம் துறைத்தலைவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மாடி ஏறியதே இல்லை. "சரிம்மா, சரிம்மா" என்றார்.

எங்கள் லேப் அட்டெண்டருக்கு ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் லேபில் இருக்கிற பித்தளைச் சாமான், தராசு, லென்ஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி காட்டிவிடுவார். எங்கள் துறையில் எதுவும் பக்தி குறைந்து பழுதானதில்லை. என் பெட்டியை மட்டும் அவரைத் தொட விட்டதில்லை. "கண்ணாடி கீறிரும்ண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை எனக்கும் நடந்தது. பிரசவத்துக்காக விடுப்பு எடுத்தேன். போகும்போது வரைந்த தாள்கள், கணக்கு, பிரிண்டர் தாள் எல்லாவற்றையும் துறைத்தலைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். "பத்திரமா இருக்கும்மா. வந்ததும் கட்டுரை எழுதிருவோம்." குழந்தைக்குப் பேர் வைத்து, அதற்குத் தலை நின்று, நான் திரும்பிப் போனபோது மொட்டை மாடிக் கதவில் புதுப்பூட்டு தொங்கியது. கட்டுரை அச்சாகியே வந்திருந்தது. என் கோடு, என் எண்கள், வெளிச்சத் திட்டுகள் எல்லாம் இருந்தன. மேலே அவருடைய பெயர் மட்டும் இருந்தது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில்கூட நிர்வாகத்துக்கும் மனைவிக்கும்தான் நன்றி.

அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "கைக்கொழந்தக்காரிம்மா நீ. பிள்ளையப் பாரு. சூரியன நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். அந்த ஜூனில் என் வேலையைப் புதுப்பிக்கவில்லை. ஆய்வுப் பதிவும் கைடு கையெழுத்தில்லாமல் காலாவதியானது.

பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்து, குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்த நேரம் விட்டுப் பார்த்தாள். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணவன் உருப்பட மாட்டான். நீ மூக்கச் சிந்திட்டு வா" என்றாள். தெய்வம் நின்று கொல்லும் என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொன்னார்கள். தெய்வம் நிற்கிற நேரத்துக்கு எனக்கு வயசாகிவிடும் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனேன். ஒளிவிலகலும் ஓம் விதியும் நடத்தினேன். காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தால் சூரியன் கோபுரத்துப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வேறொருத்தி தெருவில் போகிற மாதிரி இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு நாள் டீச்சர்கள் அறையில் செய்தித்தாளில் அவருடைய படத்தைப் பார்த்தேன். கழுத்தில் ஆளுயர மாலை. சூரியன் வருடா வருடம் மங்கிக்கொண்டே வருகிறது, ராஜபாளையம் பேராசிரியரின் கண்டுபிடிப்பு என்று போட்டிருந்தார்கள். எனக்கு முதலில் பொறாமைதான் வந்தது, மறைப்பானேன். பழைய தோழி ஒருத்தி மூலம் அவருடைய புதுக் கட்டுரையின் நகலை வாங்கினேன். முதல் பகுதி என்னுடையது, அச்சுக் குலையாமல். இரண்டாவது பகுதி அவருடைய சொந்தச் சரக்கு. மொட்டை மாடிப் பெட்டியைச் சூரியனை அளக்கிற கருவி என்று சொல்லி, விடுதி மாணவர்களை முறை வைத்துத் தினமும் உச்சிவேளையில் அளவு எடுக்க வைத்திருந்தார். அதிலிருந்து இரண்டு முடிவு. ஒன்று, சூரியன் வருடத்துக்கு வருடம் மங்குகிறது. இன்னொன்று, அதற்கு ஏழு நாளுக்கு ஒரு துடிப்பு இருக்கிறது. சூரியன் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஏறக்குறைய இருபத்தேழு நாள், அதில் இது கால் பங்கு என்று எழுதியிருந்தார்.

வரைபடத்தைப் பார்த்தேன். வாள் பல் போல ஒரே சீராக ஏறி இறங்கியது. சட்டென்று ஏறும், பிறகு மெல்ல மெல்ல இறங்கும், மறுபடி சட்டென்று ஏறும். எங்கேயோ பார்த்த சாயல். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் போதவில்லை. பழைய பஞ்சாங்கங்களை எடுத்துத் தேதிக்குத் தேதி கிழமை பார்த்தேன். சூரியன் திடீரென்று பிரகாசமாகிற நாளெல்லாம் சனிக்கிழமை. வெள்ளி சாயங்காலம் அட்டெண்டர் கையால் கழுவப்பட்டு, சனிக்கிழமை பளிச்சென்று இருந்து, வாரம் முழுக்கப் பஞ்சு படிந்து மங்குகிற சூரியன். வருடா வருடம் மங்குவது ஏன் என்றும் புரிந்துவிட்டது. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு வாரா வாரம் தேய்த்தால் எந்தக் கண்ணாடி தாங்கும்?

சமையலறையில் தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்னத்தக் கண்டு இப்படிச் சிரிக்க?" என்றாள். சொன்னேன். அவளுக்குச் சூரியன் புரியவில்லை, நார் புரிந்தது. "ஒடனே எழுதிப் போடு" என்றாள். நான் எழுதவில்லை. கடிதம் எழுதினால் குப்பைக்கூடையில் போடுவார். இல்லையென்றால் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு அதற்கும் மாலை வாங்கிக்கொள்வார். என்னிடம் எடுத்ததை நாலு பேர் முன்னால் எடுத்தார். அது அவர் கையை விட்டும் நாலு பேர் முன்னால்தான் போக வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை நல்லவர்களுக்குச் சொன்ன பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வன்மத்துக்கும் அது பொருந்தும். நான் மேலும் ஒரு வருடம் போலப் பொறுத்தேன். அந்த ஒரு வருடமும் எனக்கு நல்ல பசி, நல்ல தூக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. சூரியனைப் பார்ப்பதையே ஆயுள் வேலையாகக் கொண்ட மூத்த விஞ்ஞானி ஒருவர் வெளியூரிலிருந்து தலைமை தாங்க வந்திருந்தார். பள்ளி ஆசிரியர்களுக்கும் அழைப்பு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். துறைத்தலைவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். அவர் கொண்டுவந்த ஓவர்ஹெட் புரொஜெக்டரைத் தூக்கி வைத்துவிட்டு, அட்டெண்டர் அதன் பக்கத்திலேயே நின்றார்.

பேசி முடித்ததும் கேள்வி உண்டா என்று கேட்டார்கள். எழுந்தேன்.

"சார், உங்க சூரியன் எந்தக் கிழமையில பிரகாசமா இருக்கும்?"

கூட்டத்தில் சிரிப்பு. அவரும் சிரித்தார். "கிழமைக்கும் சூரியனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சனிக்கிழமை சார். தேதிய வச்சுப் பாருங்க."

விஞ்ஞானி சிரிக்கவில்லை. திரையில் இருந்த வரைபடத்தின் தேதிகளைக் குறித்துக்கொண்டு, பையிலிருந்த டைரியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லிய குரலில் சொன்னார்: "சூரியன் சுற்றுகிற காலத்தில் கால் பங்கு என்றால் ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். கிழமை நழுவிக்கொண்டே போயிருக்க வேண்டும். இது நழுவவே இல்லையே. அந்தக் கண்ணாடியை யார் சுத்தம் செய்கிறார்கள்?"

துறைத்தலைவர் வாயைத் திறப்பதற்குள் அட்டெண்டர் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டார். இத்தனை பெரிய மனிதர் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாரே என்ற சந்தோஷம் அவர் முகத்தில். "நாந்தாங்கய்யா. வெள்ளிக்கெழமை தவறாம, நல்லாச் சாம்பலப் போட்டு, நாரு வச்சுத் தேச்சு, பொட்டு வச்சிருவேன்" என்றார்.

முதலில் முன்வரிசை சிரித்தது, பிறகு மொத்தக் கூடமும். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் எடுத்துக் கேட்டுக்கொள்வேன். வெள்ளைச் சட்டைக்குள் அந்த மனிதர் சுருங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். இரக்கம் வரவில்லை.

அதோடு முடிந்திருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்; அவர் மைக்கை இழுத்தார். "இதுல நான் ஒண்ணும் பண்ணல. அந்தப் பெட்டி செஞ்சது, அளவு எடுத்தது, கணக்குப் போட்டது எல்லாமே இப்பக் கேள்வி கேட்ட அந்தம்மாதான். எங்கிட்ட வேல பாத்தவங்க. அவங்க பண்ண தப்பு. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

கூடம் என் பக்கம் திரும்பியது. பழியைப் போட ஆள் வேண்டியிருந்தபோதுதான் அவருக்கு என் நினைவு வந்தது. உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் விஞ்ஞானி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் பகுதியுமா? கரும்புள்ளியைக் கழித்து, வெளிச்சத் திட்டைக் கூட்டி எழுதின அந்தக் கணக்கும் அவங்களுடையதா?"

"எல்லாமேதாங்க. ஆரம்பத்துலருந்தே."

"அந்தக் கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்கு இங்கே கேட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான். அவங்க எப்போது வேலையை விட்டாங்க?"

நானே சொன்னேன். இந்த வாரத் துடிப்பெல்லாம் நான் போன பிறகு எடுத்த அளவில் வந்தது என்றும், நான் இருந்தவரை அந்தப் பெட்டி வானம் பார்க்க மட்டும்தான் என்றும் சொன்னேன். பிறகு, "சார் இப்பச் சொன்னத மறுபடி ஒருதரம் சொல்லச் சொல்லுங்க. முதல் பகுதி யாரோடதுன்னு. பேரோட" என்றேன்.

விஞ்ஞானி தலையசைத்தார். கருத்தரங்கு நடவடிக்கைகளை எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். துறைத்தலைவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார், நின்றார். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அட்டெண்டர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் என்ன கேட்டார் என்று அந்தக் கூடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உடனே புரிந்தது. ஐந்து வருடம் நான் வரைந்த சூரியனைத் தன்னுடையது என்று ஊரெல்லாம் காட்டியவருக்கு என் பெயர் தெரியவில்லை.

அட்டெண்டர் சொன்னார். துறைத்தலைவர் அதை மைக்கில் சொன்னார், இனிஷியலைத் தப்பாக. கூட்டம் கை தட்டத் தொடங்கியது. நான் உட்காரவில்லை. கைதட்டல் அடங்குகிறவரை நின்று, சரியான இனிஷியலைச் சொல்லி, மறுபடியும் சொல்ல வைத்தேன்.